கீரைக்காரி கேட்டது மண்ணை மட்டும்

நிலத்தை விற்கலாமா என்று கீரைக்காரியிடம் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, நிலம் அவளுடையதல்ல. கண் டாக்டர் ஒருவருடைய முப்பது ஏக்கரில், நடுவே சற்றுத் தாழ்வாகக் கிடந்த ஒன்றரை ஏக்கரை இருபது வருடமாகக் குத்தகைக்குப் பிடித்துக் கீரை போட்டுவந்தாள். பத்திரம் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். டாக்டர் காலமானார். தூர தேசத்துப் பிள்ளைகள் போனிலேயே பேசி முடித்தார்கள். வாங்கிய கம்பெனி வாசலில் ஒரு பலகை வைத்தது: நாற்பத்திரண்டு வில்லாக்கள், நடுவில் ஒரு ஏரி.

பலகையில் இருந்த வண்ணப் படத்தைக் கீரைக்காரி வெகுநேரம் நின்று பார்த்தாள். தன் பாத்தி எங்கே வருகிறது என்று விரலால் அளந்து தேடினாள். ஏரிக்கு நடுவில், ஓர் அன்னம் நீந்திக்கொண்டிருந்த இடத்தில் வந்தது.

ஏரியைத் தோண்டுவது கடைசி வேலை. அதனால் இரண்டு வருடம் அவளை யாரும் அசைக்கவில்லை. சுற்றிலும் கரும்பும் சோளமும் போய்த் தூண்கள் எழுந்தன, தூண்கள் சுவராகின, சுவர்கள் இரண்டு மாடியாக நின்றன. நடுப்பள்ளத்தில் அவள் மட்டும் குந்தி உட்கார்ந்து களை பறித்துக்கொண்டிருந்தாள். கொத்தனார்களே அவளிடம் கீரை வாங்கினார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை காலை மஞ்சள் பொக்லைன் இயந்திரம் வந்து அவளுடைய வரப்பில் நின்றது. அன்றுதான் கீரைக்காரி சைட் இன்ஜினியரின் தகரக் கொட்டகைக்குப் போய் மண்ணைக் கேட்டாள்.

"மண்ணா?" என்றார் இன்ஜினியர். அவருக்கு முப்பது வயதிருக்கும். எதிரே நான்கு போன்கள் மாறிமாறி அடித்துக்கொண்டிருந்தன.

"மண்ணுதான் சார். மேல் மண்ணு மட்டும். ஒரு முப்பது லோடு."

"எதுக்கும்மா?"

"கீரை போட. பஸ் டிப்போவுக்குப் பின்னாடி அரை ஏக்கர் கிடைச்சிருக்கு. கல்லும் ஜல்லியுமா கெடக்கு."

"பூமி பூரா மண்ணுதானேம்மா. இதைப் போய்க் கேக்கிறீங்க?"

"கடல் பூரா தண்ணிதான் சார். மொண்டு குடிக்கிறீங்களா?"

இன்ஜினியர் வாய்விட்டுச் சிரித்தார். தோண்டுகிற மண்ணைப் பழைய கல்குவாரிக் குழியில் கொட்டப்போவதாகவும், அதற்கே வாடகை தண்டம் என்றும் சொன்னார். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் டைம். எவ்வளவு வேணும்னாலும் அள்ளிக்கங்க."

அந்த மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவள் முதன்முதலில் இறங்கியபோது அது மஞ்சள் களிமண். ஈரமாக இருந்தால் காலில் இரண்டு கிலோ செருப்பாக ஒட்டிக்கொள்ளும். காய்ந்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கீரைக்காரி ஒன்றே ஒன்று செய்தாள். காலையில் கீரை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகும் தள்ளுவண்டியை மத்தியானம் வெறுமனே திரும்ப விடவில்லை. முட்டைகோஸ் மேலிலை, அழுகிய தக்காளி, டீக்கடையில் வடிகட்டிய டீத்தூள், முடிதிருத்தும் கடையில் கூட்டி வைத்த முடி, எல்லாம் வண்டியில் வந்து மண்ணுக்குள் போயின. இருபத்திரண்டு வருடம். உடம்பு சரியில்லாத நாட்களில் கணவர் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக். முதல் தடவை முடி மூட்டையைப் பார்த்தபோது, "கல்யாணத்துக்கு முன்னாடியே இதைச் சொல்லியிருந்தா நான் கொஞ்சம் யோசிச்சிருப்பேன்" என்றார். அவளோ, "இந்த ஊர்ல பாதிப் பேரோட தலை என் பாத்தியிலதான் இருக்கு, தெரியுமா?" என்று பெருமையடித்துக்கொள்வாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வொரு பாத்தியிலும் கடைசி நாலு செடியைப் பறிக்க மாட்டாள். அவை ஆளுயரம் வளர்ந்து, பூத்து, விதை முற்றிக் காயும். காய்ந்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தட்டாமல் அங்கேயே, பாத்தியின் மேலேயே குச்சியால் அடிப்பாள். கைக்கு வந்தது பைக்குள், சிதறியது மண்ணுக்கு. பக்கத்து வயல்காரர்கள், "பாதி விதையைச் சிந்திட்டுப் போறாளே, கை நடுக்கமா?" என்று கிண்டலடித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, டிப்போக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு டிப்பர் லாரி கிடைத்தது. அவள் புது இடத்தில் வேலியைப் பிரித்து வழி செய்துகொண்டிருந்தபோது முதல் லோடு வந்து கொட்டியது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். கொட்டியது அத்தனையும் மஞ்சள் களி. இடையிடையே கறுப்பு, வகுந்து போட்ட மாதிரி. அந்த லாரியிலேயே ஏறித் திரும்பிப் போனாள்.

பொக்லைன் ஓட்டுபவனைச் சுருட்டை என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். தலையில் அப்படிப்பட்ட முடி. ஹெல்மெட் ஒருநாளும் முழுதாக உட்கார்ந்ததில்லை.

"தம்பி! நிறுத்து! நிறுத்துன்னு சொல்றேன்ல!"

"என்னக்கா? மண்ணு கேட்டீங்க, மண்ணைத்தானே அனுப்பினேன்?"

"பாலாடையைக் கேட்டா பானையையே கவுத்துட்டியே! ரெண்டு ஆள் ஆழத்துக்கு ஒரே வாயில கடிச்சா மேல் மண்ணு எங்க, அடி மண்ணு எங்க?"

"ஏரிக்குத் தோண்டுறப்ப அப்படித்தான் தோண்டுவாங்க." அவனுக்கும் கோபம் வந்தது. "சரி, சொல்லுங்க. எவ்வளவு ஆழம் வரைக்கும் உங்க மண்ணு?"

கீரைக்காரி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்போதுதான் தெரிந்தது, அது அவளுக்குத் தெரியாது என்று. மண்வெட்டி போகிற ஆழத்துக்குக் கீழே அவள் பார்த்ததே இல்லை.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சரிவைப் பிடித்துக் குழிக்குள் இறங்கினாள். வெட்டின பக்கம் சுவர் மாதிரி நேராக நின்றது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

தலைக்கு மேலே, ஓரத்தை ஒட்டி, கறுப்பு. முழங்கால் உயரத்துக்கு. கன்னங்கரேலென்று, ஈரமாக, பஞ்சு மாதிரி. அதற்குக் கீழே பழைய மஞ்சள், அவள் முதல்முதல் கண்ட அதே மஞ்சள். இரண்டுக்கும் நடுவே எல்லை கோடாக இல்லை. கறுப்பு மெள்ள மெள்ள மஞ்சளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கறுப்பின் மத்தியில் விரல் கனத்துக்கு வெளுத்த ஒரு பட்டை ஓடியது. கொஞ்ச நேரம் யோசித்துக் கண்டுபிடித்தாள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் வெள்ளம் வந்து முழுப் பாத்தியையும் வண்டலால் மூடிப்போட்ட வருடம் அது. அன்றைக்கு அழுதது இங்கே ஒரு விரல் கனம்தான்.

அதைவிட வேர்கள். கீரைக்கு என்ன வேர் இருக்கும், ஒரு சாண் என்று நினைத்திருந்தாள். தண்டுக்கீரையின் வேர் கறுப்பைத் தாண்டி, மஞ்சளைத் துளைத்து, மயிரிழையாகி அவள் கண்ணுக்கு நேரே வந்து தொங்கியது. மண்புழு போன துளைகள் அவள் இடுப்பு உயரம் வரை இறங்கியிருந்தன. ஒவ்வொரு துளைக்குள்ளும் உள்பூச்சாகக் கறுப்பு மண். அவள் மேலே போட்டதையெல்லாம் யாரோ ராத்திரி பகலாகக் கீழே சுமந்துகொண்டிருந்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக இந்த வீட்டின் கூரைமேல் நடந்துகொண்டிருந்திருக்கிறோம், உள்ளே எட்டிப் பார்த்ததே இல்லை என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

சுருட்டையும் இறங்கி வந்து பக்கத்தில் நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"பதினோரு வருஷமா தோண்டுறேன்க்கா" என்றான். "எல்லா இடத்துலயும் கறுப்பு ஒரு சாண்கூட இருக்காது. இது என்னக்கா, கேக்கு வெட்டின மாதிரி?"

"முடிடா தம்பி. ஊர்க்காரங்க முடி."

அவன் நம்பவில்லை. ஆனாலும் கோபம் போய்விட்டது. இயந்திரத்தின் கையிலிருந்த பல் வைத்த வாளியைக் கழற்றிவிட்டு, சரிவு வழவழப்பாக்குகிற நேர்விளிம்பு வாளியை மாட்டினான். அதற்கப்புறம் நடந்ததை அவள் சாகும்வரை மறக்க மாட்டாள். அவள் ஓரத்தில் நின்று உள்ளங்கையை உயர்த்துவாள். இருபது டன் இரும்பு அப்படியே நிற்கும். கையைத் தாழ்த்துவாள், வாளி இறங்கி, பாலில் ஆடை எடுக்கிற மாதிரி கறுப்பை மட்டும் சுருட்டிக்கொண்டு வரும், மஞ்சளில் ஒரு கீறல் விழாமல். பிறந்த குழந்தைக்கு நகம் வெட்டுகிற நிதானம். வேடிக்கை பார்க்கச் சிமெண்ட் ஆட்கள் வந்து நின்றார்கள்.

புதன் சாயங்காலத்துக்குள் கறுப்பு மண் ஒரு வீட்டு உயரத்துக்குக் குவிந்தது. டிப்பர் வேறு வேலைக்குப் போயிருந்தது. வியாழக்கிழமை காலை இரண்டு லாரியோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை லாரியோடு வந்து இறங்கியபோது குவியலைச் சுற்றி இருபது ஆட்கள். தள்ளுவண்டி தள்ளுவண்டியாக மண் வில்லாக்களின் முன்வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தோட்ட கான்ட்ராக்டர் அம்மாள் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பிடி மண்ணை மூக்கருகே வைத்திருந்தாள்.

இன்ஜினியர் கீரைக்காரியின் முகத்தைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்தார். நல்லவேளையாக ஒன்று அடித்தது, அதையும் எடுக்கவில்லை.

"அள்ளிக்கங்கன்னு சொன்னீங்களே சார்."

"குப்பைன்னு நெனச்சுச் சொன்னேன்மா" என்றார். "மேடம் பாத்துட்டு ஆபீசுக்குப் போன் பண்ணிட்டாங்க. புல்தரைக்கு மண்ணு வெளியிலேர்ந்து வரவேண்டியது, வரலை. மேலிடத்துல சொல்லிட்டாங்க, இனிமே என் கையில இல்ல."

கான்ட்ராக்டர் அம்மாள் பொல்லாதவள் இல்லை. பக்கத்தில் வந்து, "இது நீங்க செஞ்ச மண்ணா?" என்று கேட்டாள். "இருபது வருஷமா தோட்டம் போடுறேன். இப்படி ஒண்ணு நான் தொட்டதே இல்ல."

மண் குப்பையோடு குப்பையாகக் கலந்தே கிடந்திருந்தால் யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் கீரைக்காரிக்கு உறைத்தது. ஒரு கீறல் விழாமல் பிரித்தெடுத்து, எல்லோரும் பார்க்கிற இடத்தில், வீட்டு உயரத்துக்குக் குவித்துக் காட்டியது அவளேதான்.

திரும்பி நாலு அடி நடந்தவள் நின்றாள். தொழில் விடவில்லை. "ஒண்ணு சொல்றேன்மா. புல் விதையை உடனே போட்டுடாதீங்க. ரெண்டு வாரம் தண்ணி காட்டுங்க. உள்ள இருக்கிறது முளைக்கட்டும். கிளறி விட்டுட்டு அப்புறம் போடுங்க."

"இன்னும் பதினஞ்சு நாள்ல திறப்பு விழா. அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்?" என்றாள் கான்ட்ராக்டர் அம்மாள்.

ஆக, அவளுக்கு மிஞ்சியது செவ்வாய்க்கிழமை வந்த அந்த ஒரு லாரி மஞ்சள் களி. அதை ஜல்லியின் மேல் பரப்பி, பையிலிருந்த விதையைத் தூவினாள். தண்ணீர் பட்டதும் மேலே ஓடு கட்டியது. விதை முளைத்து ஓட்டை முட்டிப் பார்த்துவிட்டு உள்ளேயே செத்தது. மறுபடி கொத்தித் தூவினாள். மறுபடி ஓடு.

"அம்பத்தொரு வயசு எனக்கு" என்றாள் கணவரிடம். "இன்னொரு இருபத்திரண்டு வருஷம் வண்டி தள்ளினா எழுபத்திமூணு. அப்ப கறுப்பு மண்ணு இருக்கும், நான் இருக்க மாட்டேன்."

"இருப்பே. என்னை ஏச இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?" என்றார் அவர். சொல்லிவிட்டுச் சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வரும்போது கையில் முடி மூட்டையோடு வந்தார். இந்தத் தடவை கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதுதான் அவளைக் கலக்கியது. அவர் கேலி பண்ணாமல் இருந்தால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பதினோராவது நாள் காலை சுருட்டை போன் செய்தான்.

"அக்கா, உடனே கிளம்பி வாங்க. சொன்னா நம்ப மாட்டீங்க."

"என்னடா, யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"வாங்கக்கா!"

கேட்டைத் தாண்டி உள்ளே போன கீரைக்காரி நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டாள்.

நாற்பத்திரண்டு வில்லாவுக்கு முன்னாலும் கீரை. பாத்தி இல்லை, வரிசை இல்லை. மூலைமுடுக்கு விடாமல், பாய் விரித்தமாதிரி. பச்சையும் சிவப்புமாகத் தண்டுக்கீரை, தரையோடு படர்ந்த பருப்புக்கீரை, இடையில் மணத்தக்காளி, அங்கங்கே சந்தைக் குப்பையில் வந்து சேர்ந்த தக்காளி நாற்று. பளிங்குப் படிக்கட்டு வரை வந்து, ஏற வழியில்லாமல் நிற்பது போல நின்றது. தெளிப்பான்கள் நாற்பத்திரண்டு இடத்திலும் சுழன்று சுழன்று வேளை தவறாமல் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தன. அந்தப் பெரிய பெரிய கதவுகளும், கண்ணாடிச் சுவர்களும், தூண்களும், யாரோ கீரைத் தோட்டத்துக்குக் காவலாகக் கட்டிவைத்தவை போலத் தெரிந்தன. இருபத்திரண்டு வருடம் அவள் குச்சியால் தட்டிச் சிந்தியதெல்லாம் எங்கும் போகவில்லை. ஒன்றுகூடப் போகவில்லை. கீழே இருட்டில் கண்ணை மூடிக் காத்திருந்திருக்கிறது.

ஏழாம் எண் வில்லாவுக்கு முன்னால் அவள் குந்தி உட்கார்ந்தாள். ஒரு சாண்கூட இல்லாத செடி. இலை பச்சை, தண்டு நாவல்பழ நிறம், இலையின் நடுநரம்பு ரோஜா நிறம். ஊதாத்தண்டு. வெள்ளத்தில் விதைப்பையோடு போன ரகம். ஒன்பது வருடம் எந்தச் சந்தையிலும் தேடிக் கிடைக்காமல் விட்டுவிட்டது. வெளுத்த வண்டல் பட்டைக்குக் கீழே படுத்திருந்ததைச் சுருட்டையின் வாளி வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது.

"வந்துட்டியா?" என்றாள் அதைப் பார்த்து.

கான்ட்ராக்டர் அம்மாள் வந்தாள். ரப்பர் பூட்ஸ் அப்படியே இருந்தது, முகம்தான் வாடியிருந்தது. "நீங்க அன்னைக்கே சொன்னீங்க" என்றாள் நேராக. "இன்னும் நாலு நாள்ல வாங்கினவங்க குடும்பத்தோட வர்றாங்க. மருந்தடிச்சா புல்லும் சேர்ந்து கருகிடும். ஆளுங்களை விட்டேன், பிடுங்குறப்ப தண்டு கையோட வந்துடுது, வேர் நின்னு மறுபடி துளிர்க்குது. நீங்க பிடுங்கித் தரணும்."

கீரைக்காரி எழுந்து கையைத் தட்டிக்கொண்டாள். "கூலி வேணும்."

"தர்றேன்."

"கீரை எனக்கு."

"எடுத்துக்கங்க."

"வேரோட ஒட்டிட்டு வர்ற மண்ணும் எனக்கு."

கான்ட்ராக்டர் அம்மாள் பின்னாலேயே வந்து நின்ற இன்ஜினியரைப் பார்த்தாள். வேரில் எவ்வளவு மண் ஒட்டிவிடும் என்று அவர் மனதுக்குள் கணக்குப் போடுவது தெரிந்தது. ஒரு சிட்டிகை. "தாராளமா" என்றார். பழைய ஞாபகத்தில், "இந்தத் தடவை மேலிடத்துலயும் கேட்டுட்டேன்" என்று வேறு பொய் சொன்னார்.

நாலு நாள். சந்தைத் தோழிகள் இருவர், லீவு போட்ட கணவர், சாப்பாட்டு இடைவேளையில் சுருட்டை. கீரைக்காரி செடியைப் பிடித்து இழுக்கவில்லை. மழுங்கிய சமையல் கரண்டியை வேருக்குப் பக்கத்தில் சாய்த்து இறக்கி, ஒரு திருகு. செடி தன் மண்ணோடு முட்டை அளவு உருண்டையாக எழுந்து வந்தது. அந்தக் குழியில் ஏரிக்கரை மணலை ஒரு கைப்பிடி போட்டு அமுக்கினால் புல் மூடிக்கொள்ளும். உருண்டைகளைத் தக்காளிப் பெட்டிகளில் ஒட்டி ஒட்டி அடுக்கினாள். பெட்டி மேல் பெட்டி ஏறியது. மூன்றாம் நாள் இன்ஜினியர் வந்து பெட்டி வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார்.

"ஏம்மா, ஒரு சிட்டிகைன்னுதானே நெனச்சேன்?"

"ஒரு செடிக்கு ஒரு சிட்டிகைதான் சார்."

வெயில் தாங்காத ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்க ஒரு வில்லாவுக்குள் போனாள். குழாயைத் திருப்பியதும் குளியலறையின் விதானத்தில் பதித்த ஷவரிலிருந்து மழையாகக் கொட்டியது. அவள் வீட்டை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் வாசல் விட இடம் இருக்கும். சுவர் முழுக்க ஒரே கண்ணாடி. அதன் வழியே வெளியே நிறைந்து தெரிந்தது அவள் மண். மனிதன் நினைத்தால் என்னவெல்லாம் செய்கிறான் என்று வாய் பிளந்து பார்த்தாள். அதில் பொய் இல்லை. விரலைக் கழுவியபோது வெள்ளைத் தொட்டியில் கறுப்பாக ஓடியது. அது வீணாகிறதே என்று குழாயை மூடினாள்.

ஊதாத்தண்டு மொத்தம் பதினேழு செடி தேறியது. அவற்றை மட்டும் அவளே மடியில் வைத்துக்கொண்டு லாரியில் வந்தாள்.

டிப்போவுக்குப் பின்னால் மஞ்சள் களியில் சாண் இடைவெளியில் குழி போட்டு, ஒவ்வோர் உருண்டையாக இறக்கினாள். ஒரு லாரி மஞ்சளில் நூறு பெட்டிக் கறுப்பு எந்த மூலைக்கு என்று கணவர் கேட்டார்.

"ஒரு குண்டான் பாலுக்கு எவ்வளவு உறை ஊத்துவீங்க?"

"ஒரு கரண்டி."

"அதுதான். தூங்க விட்டா தானா உறையும்."

திறப்பு விழா முடிந்து மூன்று வாரம் கழித்துச் சுருட்டை வந்தான். ஏரி வேலை முடிந்துவிட்டதாம், வேறு ஊருக்கு அனுப்புகிறார்களாம், சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றான். அன்னம் வந்துவிட்டதா என்று கீரைக்காரி கேட்டாள். இரண்டு வாங்கி விட்டிருக்கிறார்கள், இறங்க மாட்டேன் என்று கரையிலேயே நிற்கின்றன என்றான். இருவரும் சிரித்தார்கள்.

ஊதாத்தண்டு முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது. பதினேழில் ஒன்றைக்கூட அவள் பறிக்கவில்லை. ஒரு செடியின் அடியில் விரலால் கிளறிக் காட்டினாள். கறுப்பு உருண்டை இருந்த இடத்தைச் சுற்றி, மஞ்சள் ஒரு விரல் கனத்துக்குப் பழுப்பாகியிருந்தது. ஓடு கட்டவில்லை. உள்ளே ஒரு புழு, நூல் கனத்தில், வெளிச்சம் பட்டதும் அவசரமாக மஞ்சளுக்குள் நுழைந்தது. சுருட்டை குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது முழுசாக மறையும்வரை பார்த்தான்.

"இது பூரா கறுப்பாக எத்தனை வருஷம் ஆகும்க்கா?"

கீரைக்காரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஹெல்மெட் இல்லாத தலையில் முடி காடாக நின்றது.

"அது உன் கையில இருக்கு. முதல்ல போய் முடி வெட்டிக்க தம்பி" என்றாள். "கடைக்காரரு கூட்டித் தள்ளிடப் போறாரு. பையில கட்டி வாங்கிட்டு, பஸ் ஏறுறதுக்கு முன்னாடி இங்க ஒரு எட்டு வந்து குடுத்துட்டுப் போ."